சம்சாரம் முடிஞ்சதா?

"எம்.ரெட்டியபட்டியிலருந்து பேசுறேம்மா... கோயமுத்தூருக்கு ஒரு கால் போடணும்..."

அவன் சொன்னது அவ்வளவுதான். ஹெட்போனுக்குள் அந்தக் குரல் வந்து விழுந்ததும் லில்லிக்குட்டிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. உதட்டைக் கடித்துப் பார்த்தாள்... சேலைத் தலைப்பை வாயில் திணித்துப் பார்த்தாள்... ம்ஹூம். களுக்கென்று கிளம்பிய சிரிப்பு கம்பியேறி, ரெட்டியபட்டி தபாலாபீஸ் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது.

"எதுக்கும்மா சிரிக்கிறீக?"

"ஒந்நும்... ஒண்ணும் இல்லா."

"எங்க ஊர்ப் பேரச் சொன்னதும் சிரிச்சீக. காதுல கேட்டுச்சு. இருங்க... நேர்லயே வாரேன்!"

போன் டொக்கென்று வைக்கப்பட்டது.

பாவம், அவள் என்ன செய்வாள்? பாலாப் பக்கத்து மலையாளப் பெண். வருஷத்தில் பாதி நாள் மழை நனைக்கிற ஊரிலிருந்து, டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்து, இந்த அருப்புக்கோட்டை வெயிலுக்கு வந்து சேர்ந்தவள். அவள் பாஷையில் பட்டி என்றால் நாய். இங்கேயோ திரும்பின பக்கமெல்லாம் பட்டி! காரியாபட்டி என்றால் காரியக்கார நாய்... ரெட்டியபட்டி என்றால் இரட்டை நாய்... தனியாக வந்து கிடக்கிறவளுக்கு அந்தச் சிரிப்பு ஒன்றுதான் துணை.

மறுநாள் சொன்னபடியே வந்து நின்றான். பெயர் ஞானராஜ். நெடுநெடுவென்று உயரம், தோளில் துண்டு, தலைமுடியில் அங்கங்கே பருத்திப் பிசிறு. முகத்தில்தான் கோபம் இருந்தது. கண்ணில் அது ஒட்டவே இல்லை... கரிசல் மண்ணில் முதல் தூறல் பட்டதும் வருமே ஒரு மினுமினுப்பு, அப்படி மினுங்கின அந்தக் கண்கள்.

"நேத்துச் சிரிச்ச ஆபரேட்டரு நீங்கதானா?"

லில்லிக்குட்டியின் மனசுக்குள் ஓர் அழகான வாக்கியம் முழுசாக இருந்தது. 'உங்களைப் பார்த்துச் சிரிக்கவில்லை, இரண்டு பாஷைகள் முட்டிக்கொண்ட வேடிக்கைக்குச் சிரித்தேன்' என்று. வாய்க்கு வரும்போது அது பாதி உதிர்ந்து போயிற்று.

"எங்க நாட்டில்... பட்டின்னா... நாய்."

அவன் தலையைச் சொறிந்தான். பிறகு மெதுவாக, "அப்ப, 'நாயிலருந்து பேசுறேன்'னு சொல்லியிருக்கனாக்கும்?" என்றான்.

அவள் தலையை ஆட்டினாள்.

"சரி, உங்க பேரு என்ன?"

"லில்லிக்குட்டி."

"எங்க பக்கம் ஆட்டுக்குட்டி உண்டு, பூனைக்குட்டி உண்டு. லில்லிக்குட்டிய இப்பத்தேன் பாக்குறேன். நான் சிரிச்சனா?"

"பட்டியும் குட்டியும் சேர்ந்தா..." என்று அவள் இழுத்தாள்.

"சேர்ந்தா?"

"பட்டிக்குட்டி. நாய்க்குட்டி!"

அதற்குப் பிறகு யார் முதலில் சிரித்தது என்று இருவருக்குமே தெரியாது.

பருத்தி எடுப்புக் காலம் அது. டவுனுக்கு லோடு ஏற்றி வரும் போதெல்லாம் ஞானராஜ் டெலிபோன் ஆபீஸ் வாசலில் ஒரு நடை எட்டிப் பார்ப்பான். ஒருநாள் லில்லிக்குட்டி தொண்டை வறண்டு போய், தண்ணீருக்கு அவள் ஊர்ச் சொல்லையே போட்டு, "கொஞ்சம் வெள்ளம் கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டாள்.

"வெள்ளமா? எங்க சம்சாரிக அதைத்தேன் வருசம் பூரா மாதா கோயில்ல கேட்டுக்கிட்டு இருக்கோம். கிடைச்சா எங்களுக்கும் ரெண்டு வண்டி அனுப்புங்க!"

"சம்சாரிகளா? உங்க ஊரில் எல்லாரும் நிறைய பேசுவாங்களா?"

"பேசுறதா? சம்சாரின்னா வெவசாயிங்க."

"எங்களுக்கு சம்சாரம்னா பேச்சு."

"எங்களுக்குப் பொண்டாட்டி" என்றவன், சட்டென்று காது சிவந்து, தண்ணீர் எடுக்க ஓடினான்.

அவளுக்கு அவனைப் பிடித்திருந்தது. ஆனால் ஒரு குறை... அவள் வாயெடுத்தால் போதும், மீதியை அவனே முடித்துவிடுவான். "இந்த வெயிலுக்கு ஒரு..." என்று தொடங்குவாள். இந்த ஊர் வெயிலுக்குக்கூட ஒரு வாசனை இருக்கிறது என்று சொல்ல வந்திருப்பாள். "தாங்கலையா? பாவம்!" என்று அவன் முடித்து வைப்பான். அவள் வாக்கியம் அவன் கைக்குப் போய், வேறு வாக்கியமாகிவிடும். சின்ன முள்தான்... இருந்தாலும் குத்தியது.

அந்த முள் ஒருநாள் ஆழமாக இறங்கிற்று.

கமிஷன் கடைத் தங்கசாமி ஆபீசுக்குள் இடி மாதிரி நுழைந்தார்.

"எவ அவ? என் வீட்டுக்காரிக்கு மதுர ஆசுபத்திரியில ஆபரேசன்! மச்சினங்கிட்ட போன்ல விசாரிச்சுக்கிட்டு இருக்கேன்... நடுவுல ஒருத்தி வந்து, 'சம்சாரம் முடிஞ்சதா?'ன்னு கேக்குறா! எனக்கு நெஞ்சே நின்னு போச்சுய்யா!"

கேட்டவள் லில்லிக்குட்டி. பேசி முடித்தாயிற்றா என்றுதான் கேட்டாள். அவசரத்தில் அவள் ஊர்ச் சொல் முந்திக்கொண்டது. எழுந்தாள்... "அண்ணாச்சி, ஞான்..." என்று வாயைத் திறந்தாள்...

அதற்குள் வாசலிலிருந்து ஞானராஜ் பாய்ந்து வந்துவிட்டான். தங்கசாமி கடைக்குத்தான் அவன் பருத்தி போடுவது.

"அண்ணாச்சி, விட்ருங்க! மலையாளத்துப் புள்ள... அதுக்குத் தமிழ் தெரியாது. பாவம்."

"தெரியாதவள எதுக்குய்யா இங்க உக்கார வச்சிருக்கீக?" என்று தங்கசாமி சூப்பர்வைசர் வீரபத்திரன் பக்கம் திரும்பினார்.

வீரபத்திரன் கெட்ட மனிதர் இல்லை. தங்கசாமி போன பிறகு லில்லிக்குட்டியிடம் தணிவாகச் சொன்னார்: "வேண்டியவங்களே தமிழ் தெரியாதுங்கும்போது நான் என்னம்மா செய்ய? இனிமே டெலிபோன் போர்டுல உக்கார வேணாம். உள் ரூம்ல ட்ரங்க்கால் சீட்டுகள அடுக்கு. சம்பளம் அதேதான். யார்கூடவும் பேசவே வேணாம்... நிம்மதி."

பேசவே வேண்டாமாம்! ஹெட்போனைக் கழற்றி வைத்தபோது அவளுக்குக் காதையே கழற்றி வைத்த மாதிரி இருந்தது.

வெளியே வேப்பமரத்தடியில் ஞானராஜ் காத்திருந்தான். பெரிய உபகாரம் செய்துவிட்ட முகம்.

"எனக்குத் தமிழ் தெரியாதா?" என்றாள்.

"இல்ல... அவரு கோவத்துல இருந்தாரு, அதான்..."

"ஏன் என்னைப் பாவம்னு பறஞ்சீங்க? எங்க நாட்டிலும் பாவம்னா பாவம்தான். அது மட்டும் ரெண்டு பாஷையிலும் ஒண்ணு!"

"லில்லி..."

"எனக்கு நாக்கு தட்டும். ஆனா நாக்கு உண்டு."

அவன் முகம் விழுந்துபோயிற்று. "நான் வேணா அண்ணாச்சிகிட்டப் போயி மறுபடி..."

"போகண்டா! நான் போறேன்."

சொல்ல வேண்டியதை ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து வைத்துக்கொண்டு, பத்து நாள் கழித்துப் போனாள். கமிஷன் கடையில் பருத்திப் பொதிகளுக்கு நடுவே தங்கசாமி உட்கார்ந்திருந்தார். எடை போடுகிற இடத்தில், பொதியோடு பொதியாக, ஞானராஜும் நின்றிருந்தான். அவள் அவனைப் பார்க்காத மாதிரி நேராக நடந்தாள்.

"வாம்மா... பேசுறதுக்கு யாரையாச்சும் கூட்டிட்டு வந்திருக்கலாம்ல?"

"வேண்டாம் அண்ணாச்சி. எனக்கு மெதுவாத்தான் வரும். நீங்க கேக்கணும்."

அவள் ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தாள்.

"எங்க ஊரில் சம்சாரம்னா பேச்சு. வேற ஒண்ணும் நினைச்சுக் கேக்கல. ஆனா நீங்க பயந்தீங்க. அந்தப் பயம் சத்தியம். அதுக்கு எனக்கு... எனக்கு..."

சொல் வரவில்லை. கண்ணை மூடித் தேடினாள். கண்ணைத் திறந்தபோது பொதிப் பக்கம் ஓர் அசைவு... ஞானராஜின் உதடு திறந்துவிட்டது. சொல் அவன் நாக்கு நுனியில் நிற்பது தெரிந்தது. அவள் மனசுக்குள் வேண்டிக்கொண்டாள். 'சொல்லிவிடாதே... தயவுசெய்து சொல்லிவிடாதே...'

அவன் தோள் துண்டைச் சுருட்டி, வாய்க்குள் வைத்துக் கடித்துக்கொண்டான்.

"...வருத்தம்" என்றாள் லில்லிக்குட்டி. அவளே தேடி எடுத்த சொல். "மன்னிக்கணும். ஆனா தமிழ் தெரியாதுன்னு என்னை மாத்தினது சரியல்ல. தப்பு வந்தா எங்கிட்ட கேக்கணும், நான் பதில் பறயணும். பேசறதுக்கு எனக்கு அவகாசம் உண்டு."

அவள் ஊரில் அவகாசம் என்றால் உரிமை. தங்கசாமியோ, "அவகாசம்தானம்மா? வேணுங்கிற மட்டும் எடுத்துக்க. யாரு உன்னை அவசரப்படுத்துறா?" என்றார்.

அவள் திகைத்தாள். சொன்னது ஒன்று, போய்ச் சேர்ந்தது ஒன்று... ஆனாலும் பார்த்தால், அவளுக்கு அதுவும்தானே வேண்டியிருந்தது!

அதற்குள் உள்ளேயிருந்து வளையல் சத்தம். தங்கசாமியின் மனைவி சோலையம்மாள், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியவள், சுவரைப் பிடித்தபடி நடந்து வந்தாள்.

"இந்தா தாயி... நாந்தேன் அந்த முடியாத சம்சாரம்! நல்லாப் பாத்துக்க, இன்னும் இருக்கேன்!"

லில்லிக்குட்டி வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஏங்க, இந்தப் புள்ள எம்புட்டு தெளிவா பேசுது! நீங்க போன எடுத்தா வைக்கவே மாட்டீக. முடிஞ்சதான்னு அது கேக்காம என்ன செய்யும்?" என்றவள் பொதிப் பக்கம் திரும்பினாள். "ஏலே ஞானராசு, வாயில என்னடா துண்டு? பல்லுவலியா?"

கடையே கொல்லென்று சிரித்தது. தங்கசாமியும் சிரித்துக்கொண்டே போனை எடுத்துச் சுற்றினார். "வீரபத்திரன் சாரா? அந்தப் பொண்ணப் போர்டுலயே உக்கார வைங்க. அதுக்குத் தமிழ் நல்லாவே தெரியுது... எனக்குத்தேன் மலையாளம் தெரியல."

தெருவில் இறங்கி நடந்தவள் ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். ஞானராஜ் இன்னும் துண்டை எடுக்கவில்லை. கண்கள் மட்டும் கெஞ்சின. அவளுடைய கோபம் எந்தத் தெரு முனையில் உதிர்ந்து விழுந்ததோ, அவளுக்கே தெரியவில்லை.

சித்திரை பிறந்தது. ஒரு மத்தியானம், வானம் கருகருவென்று இறங்கி வந்து நிற்க, போர்டில் ரெட்டியபட்டி விளக்கு எரிந்தது. லில்லிக்குட்டி அவசரமாக வயரை எடுத்துச் செருகினாள்.

"நம்பர் ப்ளீஸ்?"

"நம்பரு வேணாம்... ஆபரேட்டருதான் வேணும்."

அவள் ஹெட்போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"இங்க மழை கொட்டுது லில்லி! வெள்ளம்! உங்க வெள்ளம், எங்க வெள்ளம்... ரெண்டும்!" மூச்சு வாங்கினான். "எனக்கு... உங்ககூட... வந்து... உங்ககூட..."

அவன் தடுமாறினான். என்ன சொல்ல வருகிறான் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? சொல் அவள் நாக்கு நுனியில் வந்து நின்றது... சேலைத் தலைப்பை எடுத்துப் பல்லில் கடித்துக்கொண்டாள். காத்திருந்தாள்.

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் அதட்டியது. அவன் அம்மா சூசையம்மாள். "கொண்டாடா போன! இப்பிடி முழுங்குறியே... நான் கேக்குறேன் அந்தப் புள்ளகிட்ட!"

"அம்மா! சும்மா இருங்க. என் வாயால நானே சொல்லுறேன்!"

லில்லிக்குட்டிக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எனக்கு... ஆயுசுக்கும்... உங்ககூட சம்சாரிக்கணும்."

கம்பியில் மழை இரைந்தது.

"தப்பாச் சொல்லிட்டனா?"

"எந்த பாஷையில் பறஞ்சது?"

"ரெண்டுலயுந்தேன்."

அவள் மனசுக்குள் ஒரு வாக்கியம் இருந்தது. இந்த முறை அது ஓர் எழுத்துக்கூட உதிராமல் முழுசாக வெளியே வந்தது.

"எனக்கு உங்களைப் பிடிச்சிருக்கு. பட்டிக்கு வாரேன்."

அந்தப் பக்கம் சூசையம்மாளின் "மாதாவே!" கேட்டது. இந்தப் பக்கம் ஜன்னல் கம்பியில் முதல் துளி விழுந்தது. வீரபத்திரன் தன் மேஜையிலிருந்து தலையைத் தூக்கி, கடிகாரத்தைப் பார்த்து, செல்லமாக இருமினார்.

லில்லிக்குட்டி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஹெட்போனைச் சரிசெய்து, தொண்டையைச் செருமி, ஆபரேட்டர் குரலில் கேட்டாள்:

"எம்.ரெட்டியபட்டி... சம்சாரம் முடிஞ்சதா?"

"இல்லம்மா ஆபரேட்டரு..." அவன் குரல் மழையில் நனைந்து வந்தது. "இனிமேத்தேன்."