டார்ச் வெளிச்சத்தில் தெரிந்த அறை

மூன்றாவது மாடிக்கு ஏறிப் போய்க் கதவைத் தட்டியபோது பகல் மணி ஒன்றரை இருக்கும். ஒரு தோளில் டூல்ஸ் பை, இன்னொரு கையில் உதிரி பாகங்கள் இருந்த அட்டைப்பெட்டி. அந்தக் கட்டடத்தில் லிஃப்ட் இருந்தது, ஓடவில்லை.

பதினாறு வருடமாக டிவி ரிப்பேர் பார்க்கிறேன். இப்போது ஒரு மலிவு விலைக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் வேலை. பெரிய திரை, சின்ன விலை. வாங்கிய அன்று அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். முதல் வருடம் சமத்தாக இருக்கும். வாரண்டி முடிந்த மறுவாரம் தன் புத்தியைக் காட்டும். ஒரு வீட்டில் தானாக அணைந்து தானாக எரியும். இன்னொரு வீட்டில் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தால்தான் படம் வரும். அந்த வீட்டுக்காரர் அதற்கென்றே ஒரு பழைய செருப்பை டிவி பக்கத்திலேயே வைத்திருந்தார். திட்டெல்லாம் எங்களுக்குத்தான். செட்டைச் செய்தவன் எங்கேயோ குளுகுளு அறையில் உட்கார்ந்திருக்கிறான்.

அதிகமாக வருகிற கோளாறு பேக்லைட். திரைக்குப் பின்னால் பட்டை பட்டையாகச் சின்ன விளக்குகள் இருக்கும். அவை எரிந்துபோனால் சத்தம் வரும், படம் வராது. வராது என்று சொல்வதுகூடச் சரியில்லை. படம் இருக்கும். வெளிச்சம் இல்லாததால் நம் கண்ணுக்குத் தெரியாது, அவ்வளவுதான். அறையை இருட்டாக்கிவிட்டு டார்ச்சைத் திரையோடு ஒட்டிப் பிடித்தால், அந்த வட்டத்துக்குள் மட்டும் மங்கலாகத் தெரியும். ஒரு மூக்கு, ஒரு காது, ஒரு சட்டைக் காலர் என்று துண்டு துண்டாக. மெக்கானிக் எவனும் முதலில் செய்கிற சோதனை அதுதான்.

இப்போது நான் அதைச் செய்வதில்லை.

கதவைத் திறந்தவளுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். ஆஸ்பத்திரி ஒன்றின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடுகிறவள். முன்கையில் வரிசையாகச் சூடுபட்ட தழும்புகள். அந்த வீட்டுக்கு நான் வருவது இது மூன்றாவது தடவை. நாலு மாதத்துக்கு முன்னால் மெயின் போர்டு போயிற்று, மாற்றினேன். இரண்டு மாதம் கழித்து விளக்குப் பட்டை எரிந்தது, அன்றே வந்து, டார்ச் வைத்துப் பார்க்காமலே அதையும் மாற்றினேன். இப்போது மறுபடியும் பட்டை.

"வாங்கண்ணே. உங்களத்தான் காலையிலேருந்து எதிர்பாத்துக்கிட்டு இருக்கேன்," என்றாள். கோபப்படுவாள் என்று நினைத்திருந்தேன். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

உள் அறையில் இரும்புக் கட்டில். அதில் அவள் கணவர். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர், இரண்டு வருடத்துக்கு முன் வேலையில் விழுந்ததில் கழுத்துக்குக் கீழே உணர்ச்சி இல்லை. பேச்சும் போய்விட்டது. கண்ணைத்தான் இமைக்க முடியும். ஒரு தடவை இமைத்தால் ஆமாம், இரண்டு தடவை இமைத்தால் இல்லை. போன தடவை வந்தபோது கன்னம் கொஞ்சம் உப்பலாக, என் வேலையைக் கவனித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். இப்போது முகத்தில் எலும்புதான் இருந்தது.

அவள் என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஆறு நாளாச்சுண்ணே. வாயே தொறக்க மாட்டேங்கிறார். உதட்டுல ஈரத்துணி வைக்கிறேன், அவ்வளவுதான் உள்ள போகுது."

"டாக்டர் என்ன சொல்றார்?"

"மூக்கு வழியா டியூப் போடணுமாம். இந்த உடம்பு அதத் தாங்குமான்னு அவங்களுக்கே சந்தேகமாம். நாளைக்குள்ள வாய் வழியா கொஞ்சமாவது உள்ள போனா நல்லதுன்னாங்க. இல்லன்னா..." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "டிவி இருட்டான அன்னிலேருந்துதான் இப்படி. அவருக்கு டிவி பாத்துக்கிட்டேதான் சாப்பாடு எறங்கும். படம் வந்துச்சுன்னா சாப்பிட்டுடுவார்ண்ணே. எப்படியாவது வரவச்சுடுங்க. உங்க கால்ல வேணாலும் விழறேன்."

"அதெல்லாம் எதுக்கும்மா. அரை மணி நேர வேலை," என்றேன்.

"வேலைக்குப் போறப்பகூட சத்தத்த வச்சிட்டுத்தான் போறேன். பேச்சுத் துணையாவது இருக்கட்டுமேன்னு."

நான் டிவிக்குப் பக்கத்தில் போனதும் அவர் என்னைப் பார்த்தார், டிவியைப் பார்த்தார், கண்ணை இரண்டு தடவை இறுக மூடித் திறந்தார். கொஞ்சம் பொறுத்து மறுபடி இரண்டு தடவை.

"பாருங்க, வேணாமாம்," என்றாள் அவள். "படம் இல்லாத டிவி எதுக்குன்னு கோவம். ஆறு நாளா இதேதான்." கஞ்சி அரைக்கிறேன் என்று சமையலறைக்குப் போனாள். மிக்ஸி உறும ஆரம்பித்தது.

டிவி ஓடிக்கொண்டிருந்தது. ஏதோ காமெடி நிகழ்ச்சி. ஆட்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் சத்தம். நான் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, டார்ச்சைத் திரையின் கீழ் மூலையில் வைத்தேன்.

ஒரு கட்டில் கால் தெரிந்தது. இரும்புக் கால்.

டார்ச்சைக் கொஞ்சம் மேலே நகர்த்தினேன். நீலப் போர்வை. திரும்பிப் பார்த்தேன். அவர்மேல் கிடந்ததும் நீலப் போர்வைதான். சரி, கறுப்புக் கண்ணாடியில் அறை பிரதிபலிக்கிறது, இதற்குப் போய்ப் பயப்படுவதா என்று என்னை நானே திட்டிக்கொண்டு வட்டத்தை நகர்த்தினேன். தலையணை. அவர் முகம்.

திரையில் அவர் கண் திறந்திருந்தது. அறையில் அவர் கண்ணை இறுக மூடியிருந்தார்.

பிரதிபலிப்பு என்றால் முன்னால் நிற்கிற நானும் தெரிய வேண்டும். டார்ச்சும் தெரிய வேண்டும்.

நான் அதில் இல்லை.

டார்ச்சைப் பக்கவாட்டில் கொண்டுபோனேன். கட்டிலின் ஜன்னல் பக்க விளிம்பில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முதுகு மட்டும் தெரிந்தது. நரைத்த தலை, சரியாக வாராத கொண்டை. வலது கை மெதுவாக மேலே போயிற்று, கீழே வந்தது, மறுபடி மேலே போயிற்று. வட்டத்தை அந்தக் கையோடு சேர்த்து நகர்த்தினேன். கை அவர் வாய்க்குப் போனது. அவர் வாய் திறந்தது. மென்றார். விழுங்கினார்.

ஸ்பீக்கரில் சிரிப்பு நின்றுவிட்டது. மிக்ஸியும் அந்த நேரம் பார்த்து நின்றது. ரொம்பத் தாழ்ந்த குரல் ஒன்று, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டால் போதும் என்பது மாதிரி:

"இன்னும் ஒரே ஒரு வாய். சமத்துல்ல?"

இதை நான்தான் இந்த வீட்டுக்குக் கொண்டுவந்தேன் என்று அப்போதே புரிந்துவிட்டது.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. பழைய செட்டுகளைப் பிரித்து நல்ல போர்டுகளை எடுத்து வேறு செட்டுக்குப் போடுவோம். ஆனால் யாராவது தனியாக இறந்துபோய், பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்த செட் என்றால் பிரிக்கக் கூடாது. எங்கள் பெரிய மெக்கானிக் அதன் முதுகில் கறுப்பு மையால் பெருக்கல் குறி போட்டுவிடுவார். அது முழுசாக அப்படியே பழைய இரும்புக்காரரிடம் போய்விடும். நான் அவரைக் கேலி செய்வேன். பேய் வந்தால் வாரண்டி கார்டு கேட்டுத் திருப்பி அனுப்பிவிடுவோம் அண்ணே என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள். அவர் மட்டும் சிரிக்க மாட்டார்.

நாலு மாதத்துக்கு முன் போர்டு தட்டுப்பாடு. இவள் தினமும் போன் செய்து அழுதாள். அவர் சுவரையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார் அண்ணே என்பாள். கேட்க முடியவில்லை. பெரிய மெக்கானிக் சாப்பிடப் போயிருந்த நேரம் பெருக்கல் குறி போட்ட ஒரு செட்டைத் திறந்து, போர்டை எடுத்துக்கொண்டு வந்து இங்கே மாட்டினேன். நல்லது செய்வதாகத்தான் நினைத்தேன். இன்று வரைக்கும் என்னை அரிப்பது அதுதான்.

அந்தச் செட்டைத் தூக்கிவந்தவனும் நானே. அதன் சொந்தக்காரி, படுத்த படுக்கையாக இருந்த கணவனை ஒன்பது வருடம் பார்த்துக்கொண்ட ஒரு வயதான அம்மா. கணவன் இறந்த பிறகும் அவள் யாருக்கோ சாப்பாடு ஊட்டுகிற மாதிரி குரல் கேட்கும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். அவள் செத்துப் பதினோரு நாள் கழித்துத்தான் கதவை உடைத்தார்கள். டிவி சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை.

கட்டில் பக்கத்தில் மண்டியிட்டு அவர் காதோடு கேட்டேன்.

"சார், நான் பாத்தத நீங்களும் பாத்தீங்களா?"

ஒரு தடவை இமைத்தார்.

சாயங்கால வெயில் அந்த ஜன்னல் வழியாகச் சாய்ந்து, டார்ச் அடித்த மாதிரி நேராகத் திரைமேல்தான் விழும். அவள் வேலையிலிருந்து வருவது அதற்குப் பிறகு.

"தினமுமா?"

ஒரு தடவை.

"அதனாலதான் சாப்பிட மாட்டேங்கிறீங்களா? வயிறு நெறஞ்ச மாதிரி இருக்கா?"

ஒரு தடவை. கண்ணோரத்தில் நீர் வழிந்து காதுக்குள் போயிற்று. துடைத்துவிட்டேன். ஆறு நாளாக இந்த மனுஷன் தன்னால் முடிந்த ஒரே வழியில் கத்திக்கொண்டிருந்திருக்கிறார். நாங்கள் எல்லாரும் அதைக் கோபம் என்று நினைத்திருக்கிறோம்.

எழுந்துபோய் பிளக்கைப் பிடுங்கினேன். சத்தம் அடங்கியது. மனசு கேட்காமல் டார்ச்சை ஒரு தடவை மறுபடி வைத்துப் பார்த்தேன்.

அறை இன்னும் அதில் இருந்தது.

மேலே போன கை பாதியில் நின்றிருந்தது.

நரைத்த தலை மெதுவாக என் பக்கம் திரும்பத் தொடங்கியது.

டார்ச்சை அணைத்துவிட்டேன். முகத்தைப் பார்க்கவில்லை. அந்த ஒரு புண்ணியம் எனக்கு.

அப்புறம் வேலை செய்தேன். செட்டைக் கவிழ்த்து, ஸ்க்ரூக்களைக் கழற்றி, அந்த போர்டைப் பிடுங்கி எடுத்தேன். பிளக்கைப் பிடுங்கி இருபது நிமிடம் ஆகியிருந்தும், காய்ச்சல் உடம்பைத் தொட்டது மாதிரி சுட்டது. செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் திணித்தேன். இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டிய புத்தம்புது போர்டு பெட்டியில் இருந்தது. அதை மாட்டினேன், பட்டைகளை மாற்றினேன். ஒரு ஸ்க்ரூ விழுந்து கட்டிலுக்கடியில் ஓடியது. அதைத் தேடப் போகவில்லை.

பிளக்கைச் சொருகியதும் பளிச்சென்று படம் வந்தது. பாத்திரம் தேய்க்கும் சோப்பு விளம்பரம். விளம்பரம் பார்த்து எனக்கு அழுகை வந்தது அன்றைக்குத்தான்.

"வந்துடுச்சாண்ணே?" சமையலறையிலிருந்து ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். டிவி வெளிச்சத்தில் அவள் முகம் அப்படி மலர்ந்தது. "நீங்க நல்லா இருக்கணும். இருங்க, கஞ்சி ஆறிடுச்சு, எடுத்துக்கிட்டு வந்துடறேன்."

அவள் போனதும் நான் அவரிடம் குனிந்தேன்.

"சார், எடுத்துட்டேன். போயிடுச்சுல்ல?"

அவர் இமைக்கவில்லை. டிவியையும் பார்க்கவில்லை. அவர் பார்வை ஜன்னல் பக்கம், கட்டில் விளிம்பில் இருந்தது.

அங்கே மெத்தை மெதுவாக அமுங்கியது.

ஒரு ஆள் உட்கார்ந்தால் அமுங்குகிற அளவுக்கு.

நான் பின்னால் நகர்ந்து சுவரில் முட்டிக்கொண்டேன். திரையில் இவ்வளவு நாள் அடைந்து கிடந்தது அந்த போர்டில் இல்லை. போர்டு இருந்த வரைக்கும்தான் அது திரைக்குள் அடைபட்டிருந்திருக்கிறது; போர்டைப் பிடுங்கி நானே அதை வெளியே விட்டுவிட்டேன்.

அவர் கண்ணை இரண்டு தடவை இமைத்தார். மறுபடி இரண்டு தடவை. மறுபடியும். அப்புறம் அவர் வாய், அவருக்கு விருப்பமே இல்லாமல், கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. மென்றார். தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

கிண்ணமும் கரண்டியுமாக அவள் வாசலில் நின்றிருந்தாள்.

"அண்ணே!" குரல் உடைந்துவிட்டது. "விழுங்கறார்! விழுங்கறார்ண்ணே! நீங்க ஊட்டுனீங்களா?"

அந்த முகத்தைப் பார்த்து வேறு என்ன சொல்ல முடியும்?

"ஆமாம்மா," என்றேன்.

சிரிப்பும் அழுகையுமாக ஓடிவந்து, கதவுப் பக்கம் தான் எப்போதும் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். கஞ்சியை அள்ளி அவர் உதட்டோரம் கொண்டுபோனாள். உதடு இறுக மூடிக்கொண்டது. "சரி, சரி, ஒரேயடியா வேணாம். கொஞ்சங்கொஞ்சமா சாப்பிடலாம்," என்று கரண்டியைக் கிண்ணத்தில் வைத்துவிட்டு, முந்தானையால் அவர் வாயைத் துடைத்தாள். துடைத்தவள் நின்றாள். விரல் நுனியில் எதையோ எடுத்து டிவி வெளிச்சத்தில் பார்த்தாள்.

ஒரு சோற்றுப் பருக்கை. காய்ந்து மஞ்சளாக இருந்தது.

"என்னண்ணே ஊட்டுனீங்க?" என்றாள். "இந்த வீட்ல சோறு வடிச்சே ஆறு நாளாச்சே."

அவருடைய வாய் மறுபடி திறந்தது, அவள் இருந்த பக்கம் அல்ல, ஜன்னல் பக்கம்.