பிடிச்சிருக்கு

செடி வெயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. காலையில் அவள்தான் தொட்டியை வெயில் பக்கம் திருப்பி வைத்திருந்தாள். சாயங்காலம் அச்சகத்திலிருந்து வந்து பார்த்தால், செம்பருத்தியும் காகிதப்பூவும் நல்ல பிள்ளைகளாக வெளிச்சத்தின் பக்கம் சாய்ந்திருக்க, இந்த வெள்ளைப் பூச்செடி மட்டும் அத்தனை பூவையும் அவள் மகள் பாப்பாவின் ஜன்னலை நோக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

போன வாரம் வாசலுக்கு அழகாக நாலு பூச்செடி பார்க்கலாமென்று இரண்டு பேரும் நர்சரிக்குப் போனார்கள். இந்த வீட்டில் இருப்பதே அவர்கள் இரண்டு பேர்தான். பெயர்ச்சீட்டுகூட இல்லாத இந்தச் செடியின் முன்னால் பாப்பா நின்றவள் நகரவேயில்லை. தண்ணீர்க்குழாய் இரைச்சலில் நர்சரிக்காரர், சிரிக்காமல், பாப்பாவுக்குப் பிடிச்சிருக்கு என்றார். அப்படித்தான் இவள் காதில் விழுந்தது.

"அப்புறமென்ன, எடுத்துக்க வேண்டியதுதான்" என்று தலையாட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து பாப்பா சோற்றைத் தொடவில்லை. தண்ணீர், தண்ணீர் என்று ஒரே நச்சரிப்பு. இப்போது அதையும் விட்டுவிட்டுச் சுருண்டு கிடந்தாள். காய்ச்சல் இல்லை. தலையை முகர்ந்தால் ஈரமண் வாசனை அடித்தது.  அம்மா நர்சரிக்குப் போன் போட்டாள்.

"ஐயா, அந்த வெள்ளைப்பூச்செடி சரியில்லீங்க. பாப்பாவுக்குப் பிடிச்சிருக்குன்னு நீங்கதானே தலையில கட்டினீங்க?"

"பாப்பாவுக்குன்னு நான் எங்கம்மா சொன்னேன்? பாப்பாவைப் பிடிச்சிருக்குன்னு சொன்னேன். நீங்களும் சரின்னீங்க."

நாள் முழுக்கப் பிழை திருத்திப் பிழைக்கிறவள். ஒரே ஒரு வேற்றுமை உருபைக் கோட்டை விட்டிருந்தாள்.

"வேர் பிடிச்சிருச்சாம்மா?" என்று அவர் கேட்டபோது போன் தரையில் கிடந்தது. அவள் வாசலுக்கு ஓடியிருந்தாள்.

காலையில் திரும்பிய தொட்டி இப்போது அசையவில்லை. அடித்துளை வழியாக இறங்கிய வேர் சுவரோரமாக ஓடி, ஜன்னலுக்குக் கீழே செங்கல் இடுக்கில் நுழைந்திருந்தது. தண்டை இரண்டு கையாலும் பற்றினாள். இழுத்தாள்.

உள்ளே பாப்பா வீறிட்டாள்.

"அம்மா! இழுக்காதம்மா! வலிக்குது!"

விட்டாள். அழுகை நின்றது. ஓர் இலையைக் கிள்ளினாள்.

"ஆ!"

பூக்கள் தலை தொங்கின.

"பாப்பா?"

சத்தமில்லை.

"என் கண்ணு இல்ல... பேசுடி."

இல்லை. ஐயோ, இல்லை. மண்டியிட்டு, பெயர்ந்துபோன மண்ணையெல்லாம் அள்ளி வேரை மூடினாள். ஒரு கையால் மண்ணை அமுக்கிக்கொண்டே மறு கையால் வாளியைக் கவிழ்த்தாள். தண்ணீர் இறங்கியது. ஜன்னலுக்கு அந்தப் பக்கம் மடக் மடக்கென்று விழுங்கும் சத்தம் கேட்டது.

பூக்கள் நிமிர்ந்தன. ஜன்னலை விட்டு, ஒவ்வொன்றாக, அவள் பக்கம் திரும்பின.

"அம்மா" என்றாள் பாப்பா, உள்ளேயிருந்து, தெம்பாக. "அதுக்கு உன்னையும் பிடிச்சிருக்காம்."

மண்ணிலிருந்து கையை எடுக்கப் பார்த்தாள். வரவில்லை.