ஞாயிறு போகாத படகு

கணினி பழுதுபார்க்கும் லூசியாவின் கடைக்குள் திங்கள் காலை நுழைந்ததுமே, திமிங்கலம் பார்க்கப் பயணிகளைக் கூட்டிப்போகும் படகு நிறுவனத்தில் வேலை செய்யும் மெலியானே அழுதுவிட்டாள்.

"அஞ்சு வாரமா திங்கக்கிழமை ஆனா ஆஃபீஸ்ல திமிங்கலப் படம் அத்தனையும் காணோம்க்கா. இன்னிக்கும் அதே கதி. சாவி எங்கிட்ட மட்டும்தான். நான்தான் அழிக்கிறேன்னு முதலாளி செமிசி சொல்றாரு. வெள்ளிக்கிழமையோட வேலை போயிடும். நேத்து சர்ச்ல என் பக்கத்துல நின்னு பாடக்கூட ஆளில்ல."

"செமிசியேதான் அழிச்சிருப்பாரு! மூஞ்சியே சரியில்ல" என்றான் உதவியாளன் கெலெபி. அவனுக்கு உற்சாகம் எப்போதும் மூளையை முந்திக்கொள்ளும்.

"அந்த மூஞ்சி பொறந்ததுலேர்ந்தே அப்படித்தான்" என்றாள் லூசியா. "மெலியானே, அஞ்சு திங்களும் காணாம போச்சா?"

"ஒரு திங்கள் மட்டும் எல்லாம் பத்திரமா இருந்துச்சுக்கா."

"அதுக்கு முந்தின நாள், ஞாயிறு, என்ன நடந்துச்சு?"

"கயித்துல சிக்கின திமிங்கலத்த விடுவிக்க, பாதிரியார்கிட்ட கேட்டுட்டு ஒரு படகு போச்சு. மத்தபடி ஞாயிறு நம்ம தீவுல யாரும் படகு எடுக்கக் கூடாதே."

லூசியா எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டாள்.

அலுவலகத்தில் செமிசி கையைக் கட்டிக்கொண்டு நின்றார். லூசியா கணினியில் தேடிப் பார்த்துவிட்டு, திரையைக் காட்டினாள்.

"அஞ்சு வாரம் முன்னாடி, தானா ஓடற இந்த ஸ்கிரிப்ட எழுதினது யாரு?"

"ஆக்லாந்துலேர்ந்து வந்த கம்ப்யூட்டர்காரர்" என்றார் செமிசி.

"அவர் ஊர்ல ஞாயிறும் படகு போகும். இது தினமும் காலைல ஆறு மணிக்கு, முந்தின நாள் படகுப் படங்கள ஏத்தும்போது மிஞ்சின தற்காலிக ஃபைல்களத் தேடும். கிடைச்ச பேர அடுத்த கமாண்ட் பட்டியல் போடும். பட்டியல்ல இருக்கறத கடைசி கமாண்ட் அழிக்கும். ஞாயிறு நம்ம படகு கரையிலதான். தேடினா ஒண்ணும் கிடைக்காது."

"அப்ப சும்மா இருக்க வேண்டியதுதானே?" என்றான் கெலெபி.

"இருக்காதுடா. பேரே வரலன்னா, பட்டியல் கமாண்ட் நிக்கற ஃபோல்டர்ல இருக்கற அத்தனை பேரையும் எழுதிக் குடுத்துடும். அது படங்க இருக்கற ஃபோல்டர்."

ஒரு நகல் ஃபோல்டரில் அவள் ஓட்டிக் காட்டினாள். கண்ணெதிரே எல்லாம் மறைந்தன. பிறகு, ஒன்றும் கிடைக்காவிட்டால் ஓடாதே என்று சொல்லும் ஒரே ஒரு எழுத்தைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். இம்முறை எதுவும் அழியவில்லை. பழைய படங்கள் படகுக் கேமராக்களில் இன்னும் இருந்தது அவர்கள் அதிர்ஷ்டம்.

மெலியானே லூசியாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவேயில்லை. செமிசி ஏதோ முனகிவிட்டு வெளியே போனார்.

அடுத்த ஞாயிறு சர்ச்சில், எப்போதும் கடைசி வரிசையில் நிற்கும் செமிசி நேராக வந்து மெலியானேயின் பக்கத்தில் நின்றார். ஊரே பார்க்க, தொண்டை கிழியப் பாடினார். சுருதி சேரவேயில்லை. மெலியானே கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாட்டுப் புத்தகத்தை அவர் பக்கம் நகர்த்திப் பிடித்தாள்.