டிலக்ஷனாவின் மிதவைகள்

ராமநாதபுரத்து அறக்கட்டளை அலுவலகத்துக்கு டிலக்ஷனா மண்டபம் அகதிகள் முகாமிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தாள். வந்தும் உட்காரவில்லை.

"போன வெள்ளிக்கிழமை எங்கட பாசி மிதவை ஒண்டும் கடல்ல இல்லையெண்டு உங்கட மேற்பார்வையாளர் வினோத்குமார் எழுதிக் குடுத்திட்டார். மிதவை கட்டத் தந்த மூங்கிலை நாங்கள் வித்திட்டமாம். இண்டைக்கு உதவியை நிப்பாட்டப் போயினம், அக்கா. இதை நம்பித்தான் எங்கட வீடுகள்ல அடுப்பெரியுது."

நிதியுதவித் திட்டங்களைப் பார்க்கும் சேதுலட்சுமி கார் சாவியை எடுத்தாள். உதவியாளன் முத்தழகு, பரமக்குடிக்காரன், அவளுக்கு முன்பே காரில் இருந்தான். உச்சிப்புளி வருவதற்குள் மூங்கில் கடத்தும் கும்பல் ஒன்றை மனசுக்குள் கைதும் செய்துவிட்டான். இந்த உதவி நின்றால் அடுத்து வாங்கக் காத்திருக்கும் முருகலட்சுமியின் ஆடு வளர்ப்புக் குழு அந்த ஊர்தான். அவள் வினோத்குமாரின் மச்சினிச்சி என்பதும் ஊருக்கே தெரியும்.

மண்டபத்தில் தென்கடல் ரோட்டோரம் வரை நுரை துப்பிக்கொண்டிருந்தது. ஊரின் மறுபக்கம், வடகடலில், மிதவைகள் அசையாமல் கிடந்தன. அறக்கட்டளைத் தலைவர் உக்கிரபாண்டியும் கள மேற்பார்வையாளர் வினோத்குமாரும் கரையில் நின்றார்கள். இருவரும் உத்தரகோசமங்கைப் பக்கத்து வயல்காரர்கள். கடலைக் கண்டால் முதலில் செருப்பைப் பத்திரப்படுத்துகிறவர்கள்.

"மிதவைதான் இருக்கே," என்றான் முத்தழகு.

"என் ரிப்போர்ட்டுக்கு அப்புறம் கட்டுனது," என்றார் வினோத்குமார். "பாசி பிஞ்சா இருக்கு பாருங்க."

"முத்தினதை அறுத்திட்டுத் திங்கக்கிழமை புதுசு கட்டினனாங்கள்," என்றாள் டிலக்ஷனா. "வெள்ளிக்கிழமை இவர் வரவேயில்லை."

இரண்டும் முத்தழகுக்கு நம்பும்படியாக இருந்தன. தலையைச் சொறிந்தான்.

"எங்கன நின்னு பாத்தீங்க தம்பி?" என்று சேதுலட்சுமி வினோத்குமாரிடம் சாவகாசமாகக் கேட்டாள்.

"இதே இடந்தான். நிக்கவா விட்டுச்சு? ஆளுயர அலை. சட்டையெல்லாம் நனைஞ்சு, டீ குடிச்சப்புறந்தான் நடுக்கம் நின்னுச்சு."

"காத்து எப்ப மாறுச்சு டிலக்ஷனா?"

"மாறேல்லையக்கா. ஆடி பிறந்ததில இருந்து இதே கச்சான்தான்."

சேதுலட்சுமி உக்கிரபாண்டியிடம் திரும்பினாள். "கச்சான் தென்மேற்குக் காத்துங்கய்யா. தென்கடலைத்தான் அடிக்கும். ஊரு குறுக்க மறைக்கிறதால வடகடல் கம்மாய் மாதிரி கிடக்கும். ஆடியில மிதவையை இங்கன மாத்துறதே அதுக்குத்தான். தம்பி அலையைப் பாத்தது நெசம். ரோட்டோர டீக்கடையில நின்னு தென்கடல்ல பாத்திருக்காரு. ரிப்போர்ட்டுல அதைத் தூக்கி வடகடல்ல விட்டுட்டாரு. மிதவை இல்லைன்னு ஆனாத்தான மச்சினிச்சிக்கு ஆடு வரும்."

"ஏலே, நெசமா?" என்றார் உக்கிரபாண்டி.

வினோத்குமார் தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உதவி நிக்காதும்மா. நீ போயி வேலையப் பாரு," என்றார் உக்கிரபாண்டி டிலக்ஷனாவிடம்.

டிலக்ஷனா நகரவில்லை. "அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கோ ஐயா."

உக்கிரபாண்டி சட்டைப்பையைத் தடவினார். பேனா வினோத்குமாரிடம்தான் இருந்தது. தலைவர் கையை நீட்டினார், அவர் தாமதமாகத்தான் எடுத்துக் கொடுத்தார்.