வெளியே தொங்கிய பூட்டு

டிசம்பர் 9, காலை 10.40. ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் வீட்டுக்காரர் பாண்டிதுரையின் தரப்பு ஒரு புகைப்படத்தை நீட்டியது. கதவில் பூட்டு, அதற்கு மேலே ஒட்டிய நோட்டீஸ். அக்டோபர் 14, காலை 11.20 என்று படத்திலேயே நேரம் இருந்தது. வீடு பூட்டிக் கிடந்ததால் கதவில் ஒட்டினோம், காலி செய்யச் சொன்ன பதினைந்து நாள் கெடுவும் முடிந்துவிட்டது என்றார்கள்.

குடியிருக்கும் நூர்னிசா நீதிமன்றத்துக்கு வரவில்லை. செப்டம்பரில் கணவர் அசன் முகம்மது இறந்ததிலிருந்து இத்தாவில் இருந்தாள். நான்கு மாதம் பத்து நாள் வாசலைத் தாண்டக் கூடாது, தாண்டவும் இல்லை. உள்ளே ஆள் இருக்க, வெளியே பூட்டு எப்படி?

அவளுடைய வக்கீலின் குமாஸ்தா மாரீஸ்வரி படத்தின் நகலுடன் ராஜபாளையம் பஸ் ஏறினாள். மூன்று முறை உற்றுப் பார்த்தாள். பூட்டின் அடியில் சிவப்பாக ஒரு புள்ளி. துருவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்.

பிற்பகல் 2.15. நூர்னிசாவின் வீட்டுப் பூட்டு உள்ளே ஆணியில் தொங்கியது. அதில் புள்ளி இல்லை. செல்போனில் கேஸ் ஏஜென்சியின் செய்தி ஒன்று இருந்தது: அக்டோபர் 14, வீடு பூட்டியிருந்ததால் சிலிண்டர் திரும்பியது.

"அன்னைக்குக் கதவத் தொறந்தியளாக்கா?"

"கேஸ்காரர் சத்தம் கேட்டுத் தொறக்கப் போனேன். கதவு வரலை. மழைக்குத் தாழ்ப்பாள் இறுகிப்போச்சுன்னு நெனச்சேன். செத்த நேரத்துல தன்னால தொறந்துச்சு. கதவுல ஒரு தாளும் இல்லை."

மணி மூன்றுக்கு வாசலில் செருப்புச் சத்தம். இத்தாவில் பிற ஆண்கள் முன்னால் வரக் கூடாது என்பதால் நூர்னிசா திரைக்குப் பின்னால் போனாள். வந்தவன் கொழுந்தன் ஷாநவாஸ். வீட்டை ஒட்டியிருந்த அண்ணனின் கடையை இப்போது அவன்தான் நடத்துகிறான். இவளுக்கு அரிசி, பால் கொண்டுவருவதும் அவன்தான். பால் பாக்கெட்டை வாசற்படியில் வைத்தான். விரலில் மாட்டியிருந்த சாவியில் சிவப்புப் புள்ளி.

மாரீஸ்வரி வெளியே போய்ப் பார்த்தாள். கடை ஷட்டரில் திறந்து தொங்கிய பூட்டிலும் அதே புள்ளி.

"அது நகப்பாலிஷ். நாந்தான் வச்சேன்," என்றாள் நூர்னிசா, திரைக்குள்ளிருந்து. "அவுக உசிரோட இருந்தப்ப, சாவி மாறிப்போகும்னு."

"கடை எத்தனை மணிக்குத் தொறப்பீங்க?" மாரீஸ்வரி கேட்டாள்.

"பதினொண்ணுக்கு."

"அப்ப பதினொண்ணு இருபதுக்குப் பூட்டு சும்மாதான் இருக்கும். நோட்டீஸ ஒட்டினது பாண்டிதுரை ஆளா இருக்கலாம். பூட்டினது நீங்க. சாவி உங்ககிட்டதான இருக்கு. படம் எடுத்தாச்சு, பூட்டையும் தாளையும் எடுத்துட்டீங்க."

ஷாநவாஸ் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டான். "வீடு காலியானா எனக்குக் குடோனுக்குத் தாரேன்னாரு பாண்டிதுரை. அஞ்சு நிமிசந்தான் பூட்டுனேன், மைனி."

அவன் போனபின், அந்த நோட்டீஸ் இனி நிற்காது, அவளை வீட்டை விட்டு யாரும் வெளியேற்ற முடியாது என்று மாரீஸ்வரி சொன்னாள்.

"இத்தா முடிய இன்னும் ஒரு மாசம் கெடக்கு, தாயி," என்றாள் நூர்னிசா. "நாளைக்குப் பாலு யாரு கொண்டாருவா?"

பாக்கெட் வாசற்படியிலேயே வேர்த்துக் கிடந்தது.