அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளவும்

டொக். டொக். டொக்.

காருக்குள் யாரோ மைக்கை விரலால் தட்டிப் பார்த்தார்கள்.

பானெட்டுக்குள் குனிந்திருந்த வேதாசலம் நிமிர்ந்தான். அரக்கோணம் ரோட்டு ஷெட்டில் அவனைத் தவிர ஆள் கிடையாது. அம்பாசிடரின் நாலு கதவும் சாத்தியிருந்தன. பின்சீட்டுக்குப் பின்னால் அவன் பொருத்திய இரண்டு பெரிய ஸ்பீக்கர்களும் சும்மா கிடந்தன. சும்மாதான் கிடக்க வேண்டும். அவற்றுக்குக் கரண்டு கொண்டுபோகிற தடித்த சிவப்பு ஒயரின் நுனி இன்னும் அவன் கையில் இருந்தது.

முருகன் கோயில் மலை மேலிருந்து காற்றில் வந்த சத்தமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். இன்றைக்கு ஆடிக் கிருத்திகை. கோமளவல்லிகூட விடிந்ததும் மகள் மணியம்மையைத் தூக்கிக்கொண்டு மொட்டை போட மலைக்குப் போயிருந்தாள்.

கார் ஆர்.கே.பேட்டை வரதராஜனுடையது. பத்து பவர்லூம் ஓட்டுகிறவர். பாட்டு போட்டால் ஊரே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று மெட்ராசிலிருந்து பெரிய ஆம்ப்ளிஃபையர் வாங்கி வந்திருந்தார். அதன் பசிக்கு அம்பாசிடரின் ஒற்றை பேட்டரி போதவில்லை. பாட்டில் மேளம் அடிக்க அடிக்க ஹெட்லைட் கண் சொருகியது.

"இன்னாபா வேதா, பாட்டு கேக்கணும்னா வண்டிய தள்ளிக்கினு போவணுமா?" என்று காலையில் கேட்டார்.

"இன்னொரு பேட்டரி போட்டா சரியாயிடும்ங்க. ஆறு மணிக்கு வாங்க."

சொல்லிவிட்டான். பேட்டரிக்கு எங்கே போவது? கிருத்திகைக்காகக் கடை பூட்டியிருந்தது. கடைசியில் மூலையில் சாக்குக்கு அடியில் ஒரு வருஷமாகக் கிடந்ததை இழுத்து, தூசி தட்டி, ஆசிட் ஊற்றி, மத்தியானம் வரை சார்ஜில் போட்டான்.

அது சடகோபனுடைய பேட்டரி.

சடகோபன் மைக் செட் வேன் வைத்திருந்தவன். கிருத்திகைக் கூட்டத்தில் தொலைந்த குழந்தைகளை அடிவாரத்தில் தன் வேனுக்குள் உட்காரவைத்து, பட்டாணி வாங்கிக் கொடுத்து, மைக்கில் கூப்பிடுவான். பெற்றவர்கள் சரியான அடையாளம் சொன்னால்தான் குழந்தையை விடுவான். போன வருஷம் வேனை இங்கே ரிப்பேர் பார்த்து எடுத்துக்கொண்டு, இந்த உபரிப் பேட்டரியைச் சார்ஜுக்கு விட்டுப் போனவன், எடுக்க வரவில்லை. மறுநாளே அவன் வேன் எரிந்தது. அவனும் உள்ளேதான் இருந்தான்.

"பீடி நெருப்புங்க" என்று போலீசிடம் சொன்னவன் வேதாசலம். "அவரு பீடியே தொடமாட்டாரேப்பா" என்று சடகோபன் மனைவி பூவம்மாள் கதறியபோது, அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

சிவப்பு ஒயரை அந்தப் பேட்டரியில் முடுக்கினான். செட்டைப் போட்டான். பட்டென்று ஃபியூஸ் போனது. அடுத்ததைப் போட்டான். அதுவும் போனது. வேறு ஃபியூஸ் இல்லை. மணி ஐந்தேகால். மழை மூட்டத்தில் ஷெட்டுக்குள் இருட்டு இறங்கியிருந்தது.

அவன் யோசிக்கவில்லை. கை யோசித்தது. சட்டைப் பையிலிருந்த சிகரெட் பாக்கெட்டைத் திறந்து, உள்ளே இருந்த சில்வர் பேப்பரைக் கிழித்து, எரிந்துபோன ஃபியூஸ் மேல் இறுக்கமாகச் சுற்றி, அதன் இடத்தில் அழுத்தியது.

இனி ஒயரே எரிந்தாலும் ஃபியூஸ் போகாது. அது உறைத்ததும் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டான்.

ஸ்பீக்கர்கள் உறுமின. ரெக்சின் கருகுகிற நாற்றம் மெல்லக் கிளம்பியது. உறுமலுக்கு உள்ளேயிருந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒரு வருஷமாக யாரும் கேட்காத குரல் வந்தது.

"அன்பார்ந்த முருக பக்தர்களே..."

வேதாசலம் ஒயரைப் பிடுங்கினான். கையோடு வந்துவிட்டது. குரல் நிற்கவில்லை.

"பெண் குழந்தை. வயசு அஞ்சு. மொட்டைத் தலையில சந்தனம். பச்சைப் பாவாடை. பேரு கேட்டா மணியம்மைன்னு சொல்லுது."

பச்சைப் பாவாடை. காலையில் அவன்தான் நாடா கட்டிவிட்டான்.

"பெத்தவங்க எங்க இருந்தாலும் வேனாண்ட வந்து, அடையாளம் சொல்லி வாங்கிக்கினு போங்க."

குரலுக்கு அடியில் ஒரு விம்மல், மகள் அவனைக் கூப்பிடுகிற மாதிரியே. "நைனா..."

காரின் கண்ணாடிகள் உள்பக்கமாகக் கறுத்துக்கொண்டு வந்தன. புகை. பின்சீட்டில் எதுவோ நகர்ந்தது. கறுத்த கண்ணாடியில், உள்ளேயிருந்து, ஒரு கை பதிந்தது.

சின்னக் கை.

கதவை இழுத்தான். வரவில்லை. அடுத்த கதவு. வரவில்லை. ஸ்பானரால் கண்ணாடியை அடித்தான். உடையவில்லை. கைப்பிடி சுட்டது.

"வுட்ரு சடகோபா! கொழந்த அது! வுட்ரு!"

"அடையாளம் சொல்லுங்க."

"மொட்ட... பச்சப் பாவாட..."

"அது இல்ல வேதா." குரல் இறங்கியது. காதோரம் வந்தது. "என் வேன்ல, ஃபியூசுல, இன்னா சுத்தின?"

சின்னக் கை கண்ணாடியில் வழுக்கிக் கீழே இறங்கியது. ஐந்து கோடுகள்.

"சில்வர் பேப்பரு!" வேதாசலம் கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு அலறினான். "சிகரெட்டு சில்வர் பேப்பரு! ஃபியூசு இல்லன்னு சுத்திட்டேன்! பீடி இல்ல, பொய்யி! நான்தான்! நான்தான் கொளுத்தினேன்!"

கதவு திறந்தது.

உள்ளே யாரும் இல்லை. புகை இல்லை. கண்ணாடி சுத்தமாக இருந்தது. மழை பிடிக்க ஆரம்பித்திருந்தது.

எவ்வளவு நேரம் தரையில் உட்கார்ந்திருந்தானோ, வாசலில் நிழல் விழுந்தபோது தலையைத் தூக்கினான். கோமளவல்லி. இடுப்பில் மணியம்மை தூங்கிக்கொண்டிருந்தாள். மொட்டை, சந்தனம், பச்சைப் பாவாடை. அவன் பாய்ந்துபோய்க் குழந்தையின் கையைப் பிடித்தான். சூடாக இருந்தது. உயிரோடு இருந்தது. மணிக்கட்டைச் சுற்றி, பெரிய ஆள் ஒருவர் பிடித்து நடத்திக் கூட்டிவந்த மாதிரி, ஐந்து விரல் கரி.

"கொழந்த... கொழந்த எங்கியாச்சும் தொலஞ்சுதா?"

குழந்தையை அவன் கையிலிருந்து விடுவித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள் கோமளவல்லி. அப்போதுதான் அவளுக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தான். கொட்டுகிற மழையில், சந்தனம் கரைந்து முகத்தில் வழிய, மொட்டைத் தலைகளாக ஒரு கூட்டம் அவனையே பார்த்துக்கொண்டு நின்றது. முன்னால் பூவம்மாள்.

"அரை மணி நேரம் காணாம தேடினேன்" என்றாள் கோமளவல்லி. "அப்புறம் மைக்ல உங்க கொரலு கேட்டுச்சு. மலை பூரா கேட்டுச்சு."