நேர வரம்பு பூஜ்யம்

திரையில் சோதனைப் பட்டியலின் ஐந்து வரிகளில் நான்கு பச்சையாகிவிட்டன. ஐந்தாவது வரி சிவப்பாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. 'காத்திருக்கிறது' என்று மஞ்சளில் நின்றது.

ஞாயிறு மாலை. ஆறு நாள் அலுவலகத்தில் தேய்ந்தது போதாதென்று ஏழாம் நாளும் அவனுக்கு நாற்காலிதான். கழுத்து மரத்துப்போய், கண்கள் எரிந்து, விசிறியின் கடகடப்பும் சூடேறிய கம்ப்யூட்டரின் தூசி வாடையும் தலைக்குள்ளேயே குடியேறிவிட்டது போலிருந்தது. கணினிகள் வலையில் பேசிக்கொள்ள உதவும் இந்த இலவச நிரல் லைப்ரரி அண்ணன் எழுதியது. எட்டு மாதத்துக்கு முன் அண்ணன் இறந்துபோனதும் அது இவன் தலையில் விழுந்தது. ஓசியில் வாங்கிக்கொள்கிற உலகம் புகாரை மட்டும் தவறாமல் அனுப்பும்.

இந்த முறை வந்த புகார், முப்பது நொடிக்குள் பதில் வராவிட்டால் இணைப்பு அறுந்துவிடுகிறது, மெதுவான கணினிகள் வாயைத் திறப்பதற்குள் காரியம் கெட்டுவிடுகிறது என்பது. வரம்பைத் தொண்ணூறாக்கியாயிற்று என்று மதியமே வெளியிட்டுவிட்டான். இப்போது ஓடுவது கடைசிச் சோதனை.

துணிக்கூடையோடு அண்ணி வாசலில் நின்றாள்.

"முடிஞ்சுதா தம்பி?"

"முடிஞ்சுது அண்ணி. இதோட கை கழுவிட்டேன். நாளைக்கு வேற ஆளுங்ககிட்ட ஒப்படைச்சிடறேன்."

"அந்த ரூமையும் காலி பண்ணிடு. சுவருக்கு அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்திருக்கற மாதிரியே இருக்கு. தூங்கி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

"நாளைக்கே பண்ணிடறேன்."

அவள் மாடிக்குத் துணி எடுக்கப் போனாள். அவளை ஒரு ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்க வைத்துவிட வேண்டும் என்பதைத் தவிர அவனுக்கு வேறு ஆசை மிச்சமில்லை.

ஐந்தாவது வரி அண்ணனின் கம்ப்யூட்டர். கணினிக்குக் கணினி பதில் சொன்னால் அண்ணன் நம்பமாட்டான். பக்கத்து அறையிலிருந்து 'இருக்கியா?' என்று அனுப்புவான். இந்தப் பக்கம் மனிதக் கை 'இருக்கேன்' என்று தட்டினால்தான் வெளியீடு. இவன் ஊரில் இல்லாதபோது அண்ணி ஒற்றை விரலால் தட்டுவாள். பட்டியலிலிருந்து அந்த வரியை நீக்க இவனுக்கு மனம் வந்ததே இல்லை. எட்டு மாதமாகக் கேள்வி இங்கிருந்து போகும், பதில் வராமல் முப்பதாவது நொடியில் வரி சிவப்பாகும், தாண்டிப் போய்விடுவான்.

நிரலைத் திறந்து பார்த்தான். வரம்பு தொண்ணூறு இல்லை. பூஜ்யம்.

சோதனைக்காகப் போட்டதைத் தூக்கக் கலக்கத்தில் மாற்ற மறந்திருக்கிறான். வேறு எங்கேயாவது என்றால் பூஜ்யத்துக்குக் காத்திருக்காதே என்று பொருள் இருக்கலாம். அண்ணன் வைத்த விதி வேறு. பூஜ்யம் என்றால் பதில் வரும்வரை விடாதே.

சரி, அதனால்தான் மஞ்சள். சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. இணைப்பே கிடைக்காமல் எதற்குக் காத்திருக்கும்? அந்தப் பெட்டியின் டிஸ்க்கையும் மெமரியையும் கழற்றித் தன் கணினியில் போட்டுக்கொண்டவனே இவன்தான். அண்ணன் மேசைக்கடியில் இருப்பது வெறும் கூடு. அறையும் பூட்டியிருக்கிறது.

தைல வாசனை வந்தது. மணிக்கட்டு வலிக்கு அண்ணன் தேய்ப்பது.

வரி பச்சையானது.

'இருக்கேன்.'

நிரலை நிறுத்தினான். நிற்கவில்லை. வலைக் கம்பியைப் பிடுங்கினான். கம்பி கையில் இருந்தது. திரையில் இணைப்பும் இருந்தது.

அடுத்த வரி வந்தது. இவன் அனுப்பியதல்ல.

'இருக்கியா?'

விரல்களை மேசையிலிருந்து எடுத்துவிட்டான். தட்டமாட்டேன். செத்தாலும் தட்டமாட்டேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் கீபோர்டு சத்தம். மெதுவாக. ஒற்றை விரலில்.

"அண்ணி!"

மாடிக்கு ஓடினான். கொடியில் பாதித் துணி. தரையில் கூடை. அவள் இல்லை. இறங்கி ஓடிவந்தான். அண்ணன் அறைக் கதவு பூட்டியபடியே இருந்தது. சாவி இவன் பாக்கெட்டில். வாசலில் அண்ணியின் செருப்பு, கதவைப் பார்த்தபடி.

சாவி துவாரத்தில் நுழையவில்லை. உள்ளேயிருந்து இன்னொரு சாவி அடைத்திருந்தது.

திரும்பி, தன் அறையின் திறந்த கதவு வழியே திரையைப் பார்த்தான்.

'இருக்கேங்க.'

அதற்குக் கீழே, அண்ணன் மட்டும் கூப்பிடும் பெயரில் இன்னொரு வரி.

'டேய் சோம்பேறி, நீ இருக்கியா?'

கீபோர்டு சத்தம் நின்றது. கதவுக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் மூச்சு விடுவது கேட்டது. திரையில் மஞ்சளாக ஒரு சொல்.

காத்திருக்கிறது.